நான் அந்த மாதிரி ஆள் இல்லை

ஊசி அண்ணி என்பது நாத்தனார் வைத்த பெயர். கல்யாணமான புதிதில், "அண்ணி, நீங்க என்ன வேலைதான் பாக்கறீங்க?" என்று கேட்டவளிடம், எச்.ஐ.வி. கிருமிக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியைப் பற்றி அவள் அரைமணி நேரம் விளக்கினாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட நாத்தனார், "ஊசி போடற வேலைன்னு ஒரே வார்த்தையில சொல்லியிருக்கலாமே, எனக்கு அடுப்புல பால் பொங்குது" என்று எழுந்து ஓடினாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், இருபது வருடமாகியும் உரியவில்லை.

அவள் பெரிய விருது எதுவும் வாங்கியவள் இல்லை. பத்திரிகையில் படம் வந்தது ஒரே ஒரு தடவை. அதிலும் பாதி முகம் முகக்கவசத்துக்குள் இருந்தது. தெருவில் எதிரே வந்தால், ஏதோ பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித்தருகிறவள் என்றுதான் நினைப்பீர்கள். அந்தப் பெண்ணின் நெஞ்சில் ஒரே ஒரு வாக்கியம் முள்ளாகத் தைத்திருக்கிறது. யாரோ அவளைச் சொன்ன வாக்கியமாக இருந்தால் மறந்திருப்பாள். அது அவளே சொன்னது.

அவள் வேலை பார்த்த கட்டடத்துக்கு மூன்று மாடி. கீழ்த்தளத்தில் நோயாளிகள் மாத்திரை வாங்கவும் ரத்தம் கொடுக்கவும் வரும் கிளினிக். மேல்மாடியில் ஆராய்ச்சிக்கூடம். மைனஸ் எண்பது டிகிரியில் ஓடும் ஏழு ஃப்ரீசர்கள் அங்கே வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்று அலாரம் அடித்தால், தொட்டிலில் குழந்தை வீறிட்டதைப்போல் சாப்பிட்ட கையோடு ஓடுவாள். ஒவ்வொரு குட்டிக் குழாயிலும் யாரோ ஒருவர் நம்பிக் கொடுத்த ரத்தம் இருக்கிறது அல்லவா?

மற்ற கிருமிகள் பெரும்பாலும் ஒரே சட்டையோடு வரும். அடையாளம் பார்த்துப் பிடித்துவிடலாம். இந்தக் கிருமியோ ஒரே மனிதனின் உடம்புக்குள்ளேயே காலையில் ஒரு சட்டை, மாலையில் ஒரு சட்டை என்று மாற்றிக்கொண்டே இருக்கும். எந்தச் சட்டையைக் காட்டி உடம்புக்குப் பாடம் நடத்துவது? இந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் தன் இளமை முழுவதையும் கொடுத்தாள். எட்டு வருடம் உழைத்த ஒரு பரிசோதனையின் முடிவை ஒரு வெள்ளிக்கிழமை பிரித்துப் பார்த்தார்கள். நிஜ ஊசி போட்டவர்களுக்கும், வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களுக்கும் நோய் ஏறக்குறைய ஒரே அளவில் வந்திருந்தது. எட்டு வருடம், அவ்வளவுதான்! குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கண்ணீர் கன்னத்திலேயே சில்லிட்டது. திங்கட்கிழமை முதல் ஆளாக வந்து அடுத்த பரிசோதனைக்கு எழுத ஆரம்பித்தாள்.

பிறகு ஒரு புது வைரஸ் உலகத்தையே வீட்டுக்குள் பூட்டிப் போட்டது. எச்.ஐ.வி.யிடம் தோற்றுத் தோற்றுக் கற்ற வித்தைகள் அந்தப் புதுக் கிருமிக்குக் கைகொடுத்தன. அப்போது வந்ததுதான் பத்திரிகைப் படம். "எங்க ஊசி அண்ணி!" என்று நாத்தனார் அதை வெட்டி அலமாரியில் ஒட்டினாள். அலை ஓய்ந்ததும் அவள் மறுபடி தன் பழைய எதிரியிடமே திரும்பிவிட்டாள்.

இத்தனை வருடமும் அவளோடு நின்றவள் அக்கா.

கீழ்த்தளத்துக் கிளினிக்கில் ஆலோசகர். டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். இருபத்தாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்து, அவன் விட்டுப்போன கிருமியை உடம்பில் சுமந்துகொண்டு, தனித் தட்டும் தனி டம்ளரும் கொடுத்த மாமியார் வீட்டிலிருந்து ஒரு பையோடு வெளியே வந்தவள். மாத்திரை தவறாமல் போட்டு, இரும்பு மாதிரி நடமாடினாள். "என் கிருமிக்கும் வயசாகுது. ஒரு நல்ல இடமாப் பார்த்துக் கட்டிக் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்று அவள் சொன்னால், அழுதுகொண்டு வந்த நோயாளிகூடச் சிரித்துவிடுவார்.

பரிசோதனைக்கு ஆள் சேர்ப்பது அக்காவின் நாக்கு. புது ஊசியை முதலில் நோயில்லாத ஆரோக்கியமான ஆட்கள்தான் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அதில் ஒரு சங்கடம் உண்டு. அதை அக்கா விளக்குவதைப்போல் எந்த விஞ்ஞானியும் விளக்க முடியாது.

"இங்க பாருங்க. சாதாரண டெஸ்ட் இருக்கே, அது கிருமியைத் தேடாது. கிருமியை எதிர்க்க உடம்பு தயார் பண்ணி வச்சிருக்கே, அந்த எதிர்ப்பைத்தான் தேடும். ஊசி போட்டா எதிர்ப்பு வந்துடும். திருடனே வராத வீட்டுல நாய் கட்டியிருக்கோம்னு வைங்க. டெஸ்ட் எட்டிப் பாக்கும், நாயைப் பாக்கும், 'ஐயையோ, இங்க திருடன் வந்திருக்கான்'னு எழுதிட்டுப் போயிடும். அதனால நாளைக்கு எங்கயாவது உங்களுக்குப் பாசிட்டிவ்னு சொன்னா பயப்படாதீங்க. இந்த மஞ்சள் கார்டைக் காட்டுங்க. கிருமியையே நேராத் தேடற டெஸ்ட் தனியா இருக்கு, நாங்க எடுத்துத் தருவோம்."

அந்த மஞ்சள் கார்டின் வாசகம் ஊசி அண்ணி எழுதியது. 'எப்போதும் உங்களுடன் வைத்திருக்கவும்' என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னதும் அவள்தான். அவளுக்கும் அப்படி ஒரு கார்டு உண்டு. கல்யாணத்துக்கு முந்தைய வருடம், மாணவியாக இருந்தபோது, வேறோர் இடத்தில் நடந்த முதல் பரிசோதனையில் அவளே கை நீட்டி ஊசி போட்டுக்கொண்டாள். கணவனிடம் நிச்சயத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள். கணவன், "ரெண்டு நாள் காய்ச்சலோட போச்சுல்ல? விடு" என்றான். அவளுடைய கார்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. ஊருக்கெல்லாம் சொன்னவள், தன் பையில் ஒரு நாளும் அதை வைத்ததில்லை. தன்னை யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம்!

போன வருடம் பித்தப்பையில் கல். ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் என்று முடிவானது. முதல் நாள் ரத்தம் கொடுத்துவிட்டுப் போய், மறுநாள் காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்தாள். கணவன் வண்டியை நிறுத்தப் போயிருந்தான். துணைக்கு நாத்தனார்.

நடைபாதை நிறைய ஆட்கள். நர்ஸ் ஒருத்தி ஃபைலோடு வந்தாள்.

"மேடம், நீங்க ரெண்டாவது பேரு இல்ல. கடைசிக்கு மாத்திட்டாங்க."

"ஏன்?"

நர்ஸ் ஃபைலின் மேல் ஒரு சிவப்பு வட்டத்தை ஒட்டினாள். "எச்.ஐ.வி. பாசிட்டிவ் கேஸெல்லாம் கடைசிலதான் எடுப்போம். அப்புறம் தியேட்டரைக் கழுவணும். அந்தக் கோடி பெஞ்சுல போய் உக்காருங்க."

அப்படி ஒதுக்கவே தேவையில்லை, எல்லா நோயாளிக்கும் ஒரே ஜாக்கிரதை போதும் என்று எத்தனை நர்சுகளுக்கு வகுப்பு எடுத்தவள் அவள்! அந்த நிமிடம் அந்த வகுப்பில் ஒரு சொல்கூட அவள் வாயில் வரவில்லை. கை தானாகப் பைக்குள் போய் கார்டைத் தேடியது. கார்டு ஏது?

"ஐயோ அண்ணி!" நாத்தனார் மார்பில் கை வைத்துக்கொண்டாள். "ஊசி ஊசின்னு அலைஞ்சீங்களே, எங்கயாவது குத்திக்கிட்டீங்களா? எங்க அண்ணனுக்கு? ஐயோ, போன வாரம் ஒரே டம்ளர்ல காபி குடிச்சோமே!"

"மெதுவாப் பேசு."

"எப்படி மெதுவாப் பேசறது? எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு அண்ணி!"

நடைபாதை முழுதும் திரும்பிப் பார்த்தது. ஒரு அம்மா தன் குழந்தையை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டாள். கோடி பெஞ்சில் ஒரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணில் வெள்ளைச் சுண்ணாம்பு போகாத பெயின்டர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்ய வந்தவர். அவர் மடியில் இருந்த ஃபைலிலும் சிவப்பு வட்டம். அவர் தன் துணிப்பையை எடுத்துக் கீழே வைத்து, நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"வாங்கம்மா, இப்படி உக்காருங்க."

அந்த அன்புதான் அவளை உடைத்தது.

"நான் அந்த மாதிரி ஆள் இல்ல!" என்று கத்தினாள். "எனக்கு இது ஊசியால வந்த ரிசல்ட்! நான் டாக்டர்! இவங்களோட என்னைச் சேர்க்காதீங்க!"

விரல் நீண்டு அந்த பெஞ்சைக் காட்டியது.

சொல்லி முடித்துத் திரும்பினாள். படிக்கட்டின் மேல்படியில், கையில் வெந்நீர் ஃப்ளாஸ்கோடு அக்கா நின்றாள். அவளைப் பார்க்கவும், தன்னிடம் மாத்திரை வாங்கும் அந்தப் பெயின்டருக்குத் துணையிருக்கவும் லீவு போட்டு வந்திருந்தாள். பூமி பிளந்திருக்கக் கூடாதா? பிளக்கவில்லை. அக்கா ஃப்ளாஸ்கை நாத்தனார் கையில் கொடுத்தாள். கோடி பெஞ்சுக்கு நடந்தாள். பெயின்டர் விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஒரு போன் மருத்துவமனைத் தலைமை டாக்டருக்கு, ஒரு போன் தன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு. கணவன் வீட்டுக்குப் பறந்து போய்ப் புடவைக்கு அடியிலிருந்து கார்டைக் கொண்டுவந்தான். இரண்டு மணி நேரத்தில் நேர்ச் சோதனை செய்து, கிருமி இல்லை என்று தாள் வந்தது. நர்ஸ் நகத்தால் சிவப்பு வட்டத்தைச் சுரண்டி எடுத்தாள்.

"சாரி மேடம். உங்களைப் பத்தித் தெரியாமப் போச்சு. அடுத்தது நீங்கதான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அவர் ஃபைல்லேர்ந்தும் எடும்மா" என்று ஒரு வார்த்தை. தலைமை டாக்டர் எதிரிலேயே நின்றார். அவள் சொன்னால் கேட்டிருப்பார். அவள் சொல்லவில்லை. தள்ளுவண்டியில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கோடி பெஞ்சைக் கடந்து போகும்போதும் திறக்கவில்லை.

மயக்கம் தெளிந்த மாலையில், நாத்தனார் தலையணையைச் சரிசெய்துகொண்டே ஊர்ச் செய்தி சொன்னாள். "அண்ணி, நான் கத்தினதை மனசுல வச்சுக்காதீங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதும்தான் எனக்கு உசுரு வந்துச்சு. பாவம், அந்தப் பெயின்டரை நாளைக்கு வரச் சொல்லிட்டாங்களாம். தியேட்டர் நேரம் முடிஞ்சு போச்சாம். மனுஷன் காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கலை."

"அக்கா எங்க?"

"அவரைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. உள்ள வந்து பாருங்கன்னு சொன்னேன். ஃப்ளாஸ்க் உங்களுக்குத்தான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தையல் வலிக்கிறதா என்று நாத்தனார் கேட்டாள். ஆமாம் என்றாள்.

பத்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பினாள். அக்கா எப்போதும்போல வணக்கம் சொன்னாள். ஆனால், "வந்துட்டியா? ஏன் இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்று கேட்கிற அக்கா இல்லை அது. "உடம்பு எப்படி இருக்கு மேடம்? ஆறாம் நம்பர் ஃபைல்ல கையெழுத்துப் போடணும் மேடம்." பதினைந்து வருடத்தில் அந்த வாயிலிருந்து மேடம் என்ற சொல்லை அவள் கேட்டதே இல்லை. மத்தியானம் அக்காவின் டிபன் பாக்ஸ் கீழ்த்தளத்திலேயே திறந்து மூடியது. அவள் மேல்மாடியில் தனியாகச் சாப்பிட்டாள். பேச வேண்டும் என்று மூன்று தடவை படியிறங்கினாள். மூன்று தடவையும் வேறேதோ கேட்டுவிட்டு ஏறிவந்தாள்.

அந்தச் சனிக்கிழமை புதுப் பரிசோதனைக்கான கூட்டம். பதினான்கு பேர் வந்திருந்தார்கள். அக்கா தன் நாய்க் கதையைச் சொல்லி முடித்ததும், கூரியர் வேலை பார்க்கும் ஓர் இளைஞன் எழுந்தான்.

"கார்டு காட்டினா போதும்னு சொல்றீங்க. நிஜமாவே போதுமா? உங்கள்ல யாராவது போட்டுக்கிட்டு மாட்டியிருக்கீங்களா?"

அக்கா மேஜையில் இருந்த தாள்களை அடுக்கினாள். ஊசி அண்ணி எழுந்து நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். கார்டைப் பீரோவில் வைத்ததை, சிவப்பு வட்டத்தை, தான் கத்திய வார்த்தைகளை, விரல் நீட்டியதை, ஒரு மனிதர் பட்டினியோடு திரும்பிப் போனதை. சொல்லும்போதே அழுதாள். மூன்று பேர் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். மிச்சமிருந்தவர்களில் ஒருவர் கைதட்டினார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது: அந்தக் கைதட்டல் அவளுக்கு இதமாக இருந்தது. பாரம் இறங்கிவிட்டதாகவே நினைத்தாள்.

கூட்டம் கலைந்தது. அக்கா நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு பேரு போயிட்டாங்க மேடம். பரவாயில்ல, வேற ஆள் பாத்துக்கலாம்."

"அக்கா, நான் சொன்னதைக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. நல்லா பேசினீங்க. பதினாலு பேருகிட்ட சொன்னீங்க. நான் பதினஞ்சாவது ஆளா நின்னு கேட்டுக்கிட்டேன்."

ஒரு நாற்காலி படீரென்று மடங்கியது. கைதட்டிய கைகளெல்லாம் அவள் கன்னத்தில் விழுந்ததுபோல் இருந்தது.

"அக்கா... அன்னிக்கு உங்களைத்தான் சொன்னேன். உங்களையும் சேர்த்துத்தான் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

"வாய் தவறி வந்துடுச்சுன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"தவறி வரலை அக்கா. உள்ளே இருந்திருக்கு. எத்தனை நாளா இருந்துச்சுன்னு எனக்கே தெரியலை."

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நர்ஸ் வராத அன்னிக்கு நீதான் எங்களுக்கெல்லாம் ரத்தம் எடுப்ப. ஊசிக்கு வர்ற ஆளுங்களுக்கு ஒரு ஜோடி கையுறை. என்னை மாதிரி ஆளுங்களுக்கு ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு ஜோடி. பதினஞ்சு வருஷமாப் பாக்கறேன். என் டிபன் பாக்ஸ்ல கை விட்டு எடுத்துச் சாப்பிடுவ, அரைமணி நேரம் கழிச்சு ரெண்டு கையுறை போட்டுக்கிட்டு வருவ."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். ஒரு நாளாவது அதை நினைத்துச் செய்தாளா? இல்லை. நினைக்காமலே செய்திருக்கிறாள். அதுவல்லவா கொடுமை!

"ஏன் அக்கா ஒரு நாளும் சொல்லலை?"

"சொன்னா நிறுத்திடுவ. நீயே பாத்து நிறுத்துவியான்னு இருந்தேன்."

அழுகைகூட வரவில்லை. கூட்டத்தின் எதிரில் அவ்வளவு சுலபமாக வந்த கண்ணீர், இப்போது எங்கே போய் ஒளிந்துகொண்டதோ! அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா வந்து தூக்கிவிடவில்லை. மிச்சமிருந்த நாற்காலிகளை மடக்கி முடித்தாள். விளக்கை அணைக்கப் போனவள் சுவிட்சில் கை வைத்தபடி நின்றாள்.

"திங்கட்கிழமை அந்தப் பெயின்டருக்குத் தையல் பிரிக்கணும். நான் கூடப் போறேன். நீயும் வா."

"நான் அவர்கிட்ட என்ன பேசணும்?"

"ஒண்ணும் பேசாதே. பேசறதுதான் உனக்கு வியாதி. வந்து உக்காரு."

திங்கட்கிழமை போனாள். அதே மருத்துவமனை. வெளிநோயாளிப் பகுதியில் மூவரும் காத்திருந்தார்கள். பெயின்டர் நடுவில். அவர் அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"அன்னிக்கு நீங்கதானேம்மா? ஊசியால வந்ததுன்னு நீங்க கத்தினதைப் பாத்ததும் எனக்கு மனசு கேக்கலை." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புதுசா இப்பத்தான் சொன்னாங்களா?"

அவள் வாய் திறந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. முதல் நாள் எல்லாரும் அப்படித்தான். நான் டாக்டர் சட்டையைப் பிடிச்சிட்டேன். 'எவன்டா சொன்னது? நான் அப்படிப்பட்டவனா?'ன்னு. ஒன்பது வருஷம் ஆச்சு. மாத்திரை ஒரு வேளை தவற விட்டதில்ல. சாரம் கட்டி நாலாவது மாடியில நின்னு பெயின்ட் அடிக்கறேன். நீங்க பயப்படவே பயப்படாதீங்க."

இல்லை, எனக்கு அது இல்லை, நான் விஞ்ஞானி, என் விஷயம் வேறு. சொற்கள் தொண்டை வரை வந்து வரிசை கட்டி நின்றன. எல்லாம் உண்மையான சொற்கள்தான். அக்கா எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

ஊசி அண்ணி அவர் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு உங்க ஆபரேஷன் தள்ளிப் போனதுக்கு நானும் ஒரு காரணம்ணே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லலை."

"அட, நீங்க என்னம்மா பண்ணுவீங்க? உங்க பயம் உங்களுக்கு." அவர் சிரித்தார். "மாத்திரையை மட்டும் நேரத்துக்குப் போடுங்க. என்ன?"

"சரிண்ணே" என்றாள். முகம் காது வரை எரிந்தது. எரியட்டும் என்று குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

பெயின்டர் அந்தப் பக்கம் திரும்பினார். "அக்கா, இவங்களுக்கும் நீங்களே எல்லாம் பொறுமையாச் சொல்லிக் குடுங்க. புதுசு, பாவம்."

"சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் அக்கா, கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "மெதுவாத்தான் ஏறுது."